இது எதுக்கு?

உலகத்தில் எடை குறைப்பவர்கள் என்றோர் இனம் உண்டு. தங்கள் எடையை அல்ல, மற்ற எல்லாவற்றின் எடையையும். கையில் எதைக் கொடுத்தாலும் உள்ளங்கையில் ஏந்தி இரண்டு முறை குலுக்குவார்கள். "இது எதுக்கு?" என்பார்கள். நீங்கள் பதில் சொல்வதற்குள் பாதியைக் கழற்றியிருப்பார்கள். நான் அந்த இனத்தில் முற்றிய கேஸ்.

வியாழனைச் சுற்றும் பனி நிலவின் படம் பத்திரிகைகளில் வந்த வருஷம், அந்தப் பனிக்கடியில் உயிர் இருக்கிறதா என்று தேடும் பெட்டி ஒன்றைச் செய்யத் தொடங்கினேன். விண்கலத்தில் ஒவ்வொரு கிராமுக்கும் அடிதடி. பெட்டி உள்ளங்கைக்குள் அடங்கினால் இடம் உண்டு. இல்லாவிட்டால் வருஷக்கணக்கான என் உழைப்பு குப்பைக்குத்தான்.

தொழில் புத்தி வீட்டுக்குள் வராமல் இருக்குமா? காவலூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் பல் பிரஷ்ஷைப் பாதியாக நறுக்கினேன், நாற்காலியின் முதுகைக் கழற்றினேன், குடையில் ஒன்றுவிட்டு ஒரு கம்பியை உருவினேன், போளூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் புளி மூட்டையில் கொட்டையை எடுத்துவிட்டால் எவ்வளவு மிச்சம் என்று அவருக்கே விளக்கி, அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போகும்வரை ஓயவில்லை. கடைசியில் கரண்டிக் காம்பையும் வெட்டினேன்.

என் மனைவி கன்னியம்மாள் கத்தவில்லை. "கொழம்புல கைய வுட்டுத்தான் துழாவறேன். இன்னா கொறஞ்சுதுன்னு எடை போட்டுச் சொல்லுங்க" என்றாள்.

நான் உண்மையிலேயே எடை போட்டேன்.

பெங்களூரிலிருந்து தேர்வுக் குழு வருவதற்கு முதல் நாள், பெட்டி எடை வரம்பை ஒரு சுண்டைக்காய் அளவு தாண்டியிருந்தது. உள்ளே துழாவினேன். மூலையில் ஒரு சின்னக் குழாய். இது எதுக்கு? கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஓட்டையை மெழுகால் அடைத்தேன்.

மறுநாள் தராசில் ஏற்றியதும் குழு கைதட்டியது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அடுத்தது சோதனை. உயிர் இருந்தால் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு. குட்டையிலிருந்து மொண்டுவந்த வாளித் தண்ணீரில் பெட்டியை இறக்கினோம். சிவப்பு. தலைப்பிரட்டைகள் கூட்டமாக வந்து பெட்டியை முட்டின. சிவப்பு. அவற்றில் மூத்தது ஒன்று, கால் முளைத்தது, பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. அப்போதும் சிவப்பு.

"தண்ணி எந்த வழியா உள்ள போகும்?" என்று கேட்டார் குழுத் தலைவர் பஞ்சாட்சரம்.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். குழாய் பத்திரமாக இருந்தது. அவர் பெட்டியை எடுத்து உள்ளங்கையில் ஏந்தி இரண்டு முறை குலுக்கினார். அந்தக் குலுக்கல் எனக்குத் தெரியாததா?

"இது எதுக்கு?" என்றார்.

என் பெட்டி இல்லாமலே விண்கலம் போகட்டும் என்று முடிவாயிற்று. எடை நன்றாகக் குறைந்ததாம்.

ஆகையால், வாசகரே, சற்று ஜாக்கிரதை. பஸ் கதை எதுக்கு, குடைக்கம்பி எதுக்கு என்று இதற்குள் மனசுக்குள் நாலு வரியை வெட்டியிருப்பீர்களானால், உடனே அடுக்களைக்குப் போய்க் கரண்டியைப் பாருங்கள். காம்பு இருந்தால், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.