பேர் இல்லாத பகுதியை நான் விட்டுவிட்டது பற்றி

மருமகன் நிமலனுக்கு,

மடுல்சீமையிலிருந்து உன் தாய்மாமன் அழகர் எழுதுவது. இங்கே நாங்கள் யாரும் நலமில்லை. கொழும்பில் நீ நலமாக இருப்பது தெரியும். போன் எடுக்காதவர்கள் எல்லாரும் நலமாகத்தான் இருக்கிறார்கள். நீ எடுக்காததால்தான் இதை எழுதி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

என் மகள் தனுஜாவின் லெப்டொப் முனகத் தொடங்கியதும் உனக்குத்தான் சொன்னேன். அவள் ஹாலிஎல பள்ளிக்கூடத்தில் பயிற்சியில் இருந்தாள். அவளுடைய பட்டப்படிப்பு ஆய்வு முழுவதும் அதற்குள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் பட்டம் இன்னொரு வருடம் தள்ளிப்போகும், ஆசிரியர் வேலையும் அதோடு போகும். "டிஸ்க் சாகப்போகுது மாமா, புதுசு அனுப்புறேன், அதுல பிரதி எடுத்துருங்க" என்றாய். அனுப்பினாய். வயரைச் செருகச் சொன்னாய், செருகினேன். திரையில் பகுதி பகுதியாக வந்தது. "தேவையானதுக்கெல்லாம் சரி போடுங்க மாமா, சின்னப் பிள்ளையும் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய்.

போன வருடம்தான் முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்த எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தனுஜா தமிழில் பேர் வைத்திருந்தாள். 'படிப்பு' என்று வாசித்தேன், சரி போட்டேன். 'படங்கள்' வாசித்தேன், சரி போட்டேன். பெரியதற்கு 'விண்டோஸ்' என்று இருந்தது, அதற்கும் போட்டேன். முன்னால் ஒரு பொடிப் பகுதி, பேரே இல்லை. காலையில் வரிசையாக நிற்கும் பெரட்டில் கங்காணி பேர் வாசிக்காத ஆளுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. அந்தப் பழக்கத்தில் அதை விட்டுவிட்டேன்.

பிரதி முடிந்ததும் பழைய டிஸ்க் ஒரேயடியாக நின்றுவிட்டது. பதுளைக்குக் கொண்டுபோய், கொம்பியூட்டர் திருத்தும் ஸரூக்கின் கடையில் புதியதை மாட்டினால் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்தில் ஒரு வரி. ஸரூக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அழகர் அண்ணன், சாமானெல்லாம் உள்ள ஈக்குது, ஆனா பூட்டு போட்டீக்குது, வேற மிசின்ல தொறக்காது. எழுப்பி விடுற பகுதிதான் இல்ல. இந்தக் காலத்து மிசின் முதல்ல அதத்தான் தேடும்."

"அதுக்குப் பேரே இல்லீங்களே."

"பேர் இல்லாட்டி என்ன, அது இல்லாம ஒண்ணும் எழும்பாது."

அவர் தன்னுடைய பென் டிரைவைப் போட்டுப் பார்த்தார். கம்பெனி ஒப்புக்கொண்ட கையொப்பம் அதில் இல்லையாம், லெப்டொப் உள்ளே விடவில்லை. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நின்றது போலவே இருந்தது. பதிவில் பேர் இல்லை, பிரஜை இல்லை என்று நம் ஆட்களை எத்தனை காலம் வெளியே நிறுத்தினார்கள், நாம் விடியுமுன் எழுந்து போகாவிட்டால் இந்த மலையில் ஒரு கொழுந்தும் பெட்டிக்குள் போயிருக்காது. அதே காரியத்தை நானும் செய்துவிட்டேனே என்று பஸ்ஸில் வழியெல்லாம் என்னையே ஏசிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் உன் அத்தை இராக்கம்மா, "எழுத்து படிச்சு மொதல்ல மக படிப்பத்தான் தின்னீங்க, இனி எத வாசிக்கப் போறீங்க?" என்கிறாள். தனுஜாவோ தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போகிறாள். ஏசினால்கூடத் தாங்கிக்கொள்வேன். பேர் இல்லாததும் தேவை என்று ஒரு வார்த்தை சொல்ல உன் வாய்க்கு என்ன வந்தது? சின்னப் பிள்ளை செய்யுமாம். அந்தச் சின்னப் பிள்ளையையே கூட்டிக்கொண்டு வெள்ளிக்கு முன் வந்து இதைத் திருத்து. முடியாவிட்டால் தீபாவளிக்கும் இந்த லயத்து வீட்டுப் பக்கம் வராதே.

நீயும் உன் மனைவி பிள்ளைகளும் நீடூழி வாழ வேண்டும். உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன். கை சற்றுப் பாரமாகத்தான் விழும்.

இப்படிக்கு,
மாமன் அழகர்

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். நான் இரண்டாம் தாளில் இருக்கும்போதே ஸரூக் அந்தக் கையொப்பம் உள்ள வேறொரு பென் டிரைவை வீட்டுக்கே கொண்டுவந்து அந்தப் பகுதியைப் புதிதாக உண்டாக்கிவிட்டார். லெப்டொப் எழுந்தது, தனுஜா ஆய்வை அனுப்பிவிட்டாள், என்னோடு பேசுகிறாள். ஆனாலும் கோபம் நன்றாக எழுத வந்துகொண்டிருந்தது, நடுவில் நிறுத்த மனமில்லை. முன்பெல்லாம் தோட்டத்துக் கிளாக்கரிடம் சொல்லி எழுதுவோம். அவர் ஏச்சை எல்லாம் விட்டுவிட்டு வணக்கத்தை மட்டும் எழுதுவார். வாசித்ததும் இதைத் திருப்பி அனுப்பு. நானே என் கையால் எழுதிய கடிதம் என்று என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது.