ரத்தம் கக்கிய கார்களும் பிரதர் வெர்லனும்

சனிக்கிழமை ஆனால் போதும், சால்ட்ரன் ஊரில் பாதி கார்கள் ஜெபத்துக்குக் கிளம்பிவிடும். ஆட்கள் அல்ல, கார்கள். ஆட்கள் துணைக்குப் போவார்கள்.

இடம், படம் ஓட்டுவதை நிறுத்திவிட்ட திறந்தவெளி சினிமாத் திடல். கிழிந்த திரைக்குக் கீழே ஒரு பெரிய கூடாரம். அதன் வாசலில் வெள்ளைக் கோட்டும் வெள்ளை பூட்ஸுமாகப் பிரதர் வெர்லன் ஸ்டாம்ப்பர். கையில் பீச் பழ மரத்துக் கவட்டைக் கிளை. எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் இந்தக் கிளையை வைத்துக்கொண்டு கிணற்றுக்கு நீரோட்டம் பார்ப்பவர்கள் உண்டு. பூமிக்கு அடியில் இருப்பதைக் காட்டுகிற கிளை காருக்கு அடியில் இருப்பதைக் காட்டாதா என்று கேட்டார் வெர்லன். ஊர் தலையாட்டியது. தலையாட்டுகிற வேலைக்குக் கூலி கொடுத்திருந்தால் எங்கள் ஊரில் ஏழையே இருந்திருக்க மாட்டான்.

வெர்லன் எல்லா நோயும் பார்க்க மாட்டார். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளின் ஒழுக்கு மட்டும்தான் பார்ப்பார். அந்த கியர்பாக்ஸில் ஊற்றுகிற எண்ணெய் சிவப்பு. எஞ்சின் எண்ணெயோடு குழப்பிக்கொள்ளக் கூடாதென்று கம்பெனிக்காரன் போட்ட சாயம் அது. வெர்லன் வாயில் அது ரத்தமாகிவிட்டது.

"உங்க வண்டி ஏன் ரத்தம் கக்குது?" என்று ஒலிபெருக்கியில் கேட்பார். "கேஸ்கெட்டா? சீலா? இல்லவே இல்ல! வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியும். நீங்க அழாத அழுகையை அது அழுது!"

"ஆமென்!" என்பார்கள் வரிசையில் நின்றவர்கள். வீட்டில் அப்படி என்ன நடந்துவிட்டது என்று கணவன் மனைவியைப் பார்ப்பான். மனைவி கணவனைப் பார்ப்பாள். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து காணிக்கை வாளியைப் பார்ப்பார்கள்.

கிளையைப் பிடித்துக்கொண்டு வெர்லன் காரைச் சுற்றி வருவார். கியர்பாக்ஸின் அடித்தட்டுக்கு நேரே வந்ததும் கிளை வெடுக்கென்று குனியும். அங்கேதான் எண்ணெய் சொட்டிக்கொண்டிருக்கும்! கண்ணுள்ள எவனுக்கும் அது தெரியும். ஆனால் கிளைக்குக் கண் கிடையாதே, அதனால் அது அற்புதம். பிறகு காரைக் கூடாரத்துக்குள் தள்ளுவார்கள். உள்ளே வெர்லனின் மச்சான் ஹாய்ட் 'அபிஷேகம்' செய்வான். வெளியே எல்லோரும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பாட வேண்டும். எவனாவது கண்ணைத் திறந்தால் அபிஷேகம் பலிக்காது. முடிந்ததும் ஒரு வெள்ளைப் போர்வை தருவார்கள். வீட்டுக்குப் போய்க் காருக்கு அடியில் விரித்துவிட்டு, காலையில் எடுத்துப் பார்த்தால் ஒரு சொட்டுக் கறை இருக்காது.

நிஜமாகவே இருக்காது. அதுதான் விஷயம். அந்தச் சுத்தமான போர்வையைத் தூக்கிக் காட்டி மக்கள் அழுதார்கள். போகும்போது சின்ன பாட்டிலில் சிவப்பு 'ஆசீர்வாத எண்ணெய்' வேறு வாங்கிப் போய் மூட்டுவலிக்குத் தேய்த்துக்கொண்டார்கள்.

இந்த வரிசையில் ஒரு சனிக்கிழமை கார்லிஸும் போய் நின்றான். மர அறுவை மில்லில் வேலை செய்பவன், நல்ல மனுஷன். அவன் பெண்டாட்டி ஒலீட்டா, மலை மலையாக ஏறி வீடுகளுக்கே போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ். அவளுடைய கார்தான் ஒழுகிக்கொண்டிருந்தது. மெக்கானிக் அடித்தட்டின் கேஸ்கெட்டை, அதாவது இடுக்கை அடைக்கிற அட்டையை, மாற்றினான். ஒழுகியது. மறுபடி மாற்றினான். மறுபடி ஒழுகியது. காலையில் எழுந்தால் வாசலில் ஒரு சிவப்பு வட்டம். அந்த வட்டத்தைப் பார்த்துப் பார்த்தே கார்லிஸுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. ஒலீட்டா இரவு வேலை முடிந்து அசந்து தூங்கிய நேரத்தில், சாவியை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போய்விட்டான். கண்ணை மூடினான், பாடினான், வந்தான். மறுநாள் போர்வை பளிச்சென்று இருந்தது.

திங்கட்கிழமை நான் நிலக்கரி லாரியை ஓட்டிக்கொண்டு மலை ஏறிக்கொண்டிருந்தேன். முன்னால் போன கார் ஏற்றத்து வளைவில் கத்தியது. எஞ்சின் கத்துகிறது, சக்கரம் நகரவில்லை. பிறகு நகர்ந்தது, பின்னால். என் லாரியை நோக்கி! நான் பிரேக்கில் ஏறி நின்றேன். காரில் இருந்தவள் வண்டியை வெடுக்கென்று ஒடித்து மண்மேட்டில் பின்பக்கத்தை முட்டவிட்டு நிறுத்தினாள். அந்தப் பக்கம் ஒடித்திருந்தால் பள்ளம். என் பம்பருக்கும் அவள் கதவுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவுதான் இடைவெளி.

இறங்கி வந்தாள் ஒலீட்டா. மருந்துப் பையைக் கையிலிருந்து விடவில்லை.

"மேல ஒரு பெரியவருக்கு இன்சுலின் போடணும். ஏத்திக்கிறியா?" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அதை அப்புறம் பார்க்கலாம். அவருக்கு நேரமாச்சு, வண்டியை எடு."

ஊசி போட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். அவள் காரைக் கிளப்பி, எஞ்சின் ஓடும்போதே கியர் எண்ணெயின் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தாள். நுனியில்கூட ஈரம் இல்லை.

"வெள்ளிக்கிழமைதான் நான் அளவு பார்த்து ஊத்தினேன், நிறைய இருந்துச்சு," என்றாள். "சனிக்கிழமையிலிருந்து ஒரு சொட்டு ஒழுகலைன்னு கார்லிஸ் ஆடிக்கிட்டிருக்கான். ஒழுகவும் இல்ல, உள்ள இருக்கவும் இல்ல. அப்ப எண்ணெய் எங்க போச்சு?"

சனிக்கிழமை என்றதும்தான் எனக்கு வெர்லனின் கூடாரம் உறைத்தது. காரை நிறுத்தியதும், சுற்றிக்கொண்டிருந்த எண்ணெயெல்லாம் கீழே இறங்கி கியர்பாக்ஸுக்குள் மட்டம் ஏறும். ஓட்டை வரைக்கும் ஏறினால் ஒழுகும். பாதி எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிட்டால் எப்படி ஒழுகும்? காலிக் குடம் சிந்தவில்லை என்று ஊரே ஆமென் போட்டிருக்கிறது!

அன்று மாலை அவர்கள் வீட்டில் கார்லிஸ் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உனக்காகத்தான் போனேன், ஒலீட்டா."

"தெரியும். அதனாலதான் உன்னை அடிக்கலை. எந்திரி, பக்கெட்டை எடு. புண்ணு எங்கேன்னு தெரியணும்னா மொதல்ல ரத்தத்தைக் கழுவணும். கழுவாம கட்டுப் போட்டா, ரத்தம் வழிஞ்சு நிக்கிற இடத்துலதான் கட்டுப் போடுவோம். மெக்கானிக் பண்ணது அதான்."

கியர்பாக்ஸ் முழுவதையும் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவித் துடைத்தார்கள். ஷூவுக்குள் அடிக்கிற வெள்ளைப் பவுடரை மேலிருந்து கீழ்வரை அடித்தார்கள். எண்ணெயைச் சரியான அளவுக்கு ஊற்றி, ஒரு சுற்று ஓட்டி நிறுத்தினார்கள். காலையில் வெள்ளைப் பவுடரில் ஒரே ஒரு சிவப்புக் கோடு. அது அடித்தட்டில் ஆரம்பிக்கவில்லை. மேலே, கியர் மாற்றுகிற தண்டு பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் ஆரம்பித்து, பக்கவாட்டில் இறங்கி, அடித்தட்டின் விளிம்பில் வந்து சொட்டாக நின்றது. விரல் மோதிரம் அளவுள்ள ஒரு ரப்பர் சீல் தேய்ந்துபோயிருந்தது. இத்தனை நாள் வீட்டுப் பாவம் என்று அழுதது அந்த மோதிரத்துக்காகத்தான்.

"உடனே மாத்திடலாமா?" என்றான் கார்லிஸ்.

"சனிக்கிழமை வரைக்கும் இருக்கட்டும். எனக்கு ஒரு ஜெபம் பாக்கியிருக்கு."

சனிக்கிழமை திடலில் கால் வைக்க இடமில்லை. ஒலீட்டா காரைச் சரிவுப் பலகைகள் மேல் ஏற்றி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்தினாள். வெர்லன் இரண்டு கையையும் விரித்தார்.

"திரும்பி வந்துட்டியா, மகளே! விசுவாசம் குறைஞ்சா ரத்தம் திரும்பும்."

"ஆமாம், பிரதர். எங்கேயிருந்து வருதுன்னு உங்க கிளையைக் கேட்டுச் சொல்லுங்க."

கிளை சுற்றியது. அடித்தட்டுக்கு நேரே குனிந்தது.

"மேல எதுவும் இல்லையே?"

"பீச் கிளை பொய் சொல்லாது!"

"அப்ப எல்லாரும் வந்து பாருங்க," என்று பையிலிருந்து நீளக் கைப்பிடிக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்தாள். நான் குனிந்து பார்த்தேன். அடுத்து மூட்டுவலிக்கார யூலா. முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தவள் நிமிரும்போது, "கோடு மேலருந்துல்ல வருது!" என்று கத்தினாள். "உங்க கிளைக்குக் கண்ணாடி போட்டு விடுங்க, பிரதர்!"

சிரிப்பு எழுந்தது. வெர்லன் விடவில்லை. "சாத்தான் கோடு போடுவான். அபிஷேகம் முடியட்டும், அப்புறம் பேசுங்க!"

"அதுக்குத்தானே வந்தேன்," என்றாள் ஒலீட்டா. காரைப் பலகையிலிருந்து இறக்கி, எஞ்சினை ஓடவிட்டு, அளவுக் கம்பியைத் துடைத்து, விட்டு எடுத்து, யூலாவிடம் காட்டினாள். குறி வரைக்கும் சிவப்பு. "நிறைய இருக்கு, எல்லாரும் பார்த்துக்குங்க."

கார் கூடாரத்துக்குள் போனது. ஊர் கண்ணை மூடிப் பாடியது. ஒலீட்டா கண்ணை மூடவில்லை. கார்லிஸும் மூடவில்லை, முதல் தடவையாக. கார் வெளியே வந்தது. அவள் ஏறி எஞ்சினைக் கிளப்பினாள், கம்பியை உருவினாள், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

கம்பி காய்ந்து கிடந்தது.

பாட்டு பாதியில் நின்றது.

"எண்ணெய் எங்க, பிரதர்?"

"பரலோகம் ஏத்துக்கிச்சு, மகளே."

"பரலோகத்துக்கு எதுக்கு கியர் எண்ணெய்? அங்க ஏத்தம் ஏறணுமா?"

யூலாதான் கூடாரத்துத் துணியைத் தூக்கினாள். உள்ளே அங்கி போட்ட ஹாய்ட், ஒரு கையில் ரப்பர் குழாய், ஒரு கையில் புனல். காலடியில் சிவப்பு எண்ணெய் வாளி. பக்கத்தில் வரிசையாக ஆசீர்வாத பாட்டில்கள், பாதி நிரம்பியவை, நிரம்பக் காத்திருப்பவை.

யூலா குனிந்து ஒரு பாட்டிலை முகர்ந்தாள். தன் முட்டியையும் முகர்ந்தாள்.

"அடப்பாவி! என் முட்டியில ஏழு ஊர் கியர்பாக்ஸைத் தேய்ச்சிருக்கேன்! நமைச்சல் வந்தா நோய் வெளியேறுதுன்னு சொன்னியேடா!"

அதற்குள் வெர்லன் தன் வண்டியை நோக்கி நடையைக் கட்டியிருந்தார். நான் லாரியை வாசலுக்குக் குறுக்கே போட்டேன். எட்டிப் பார்த்தால், அவருடைய வண்டி கையால் கியர் போடுகிற வண்டி! ஆட்டோமேட்டிக்கை அவர் கிட்டேகூடச் சேர்க்கவில்லை. ஷெரிஃப் வரும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு அவர் பாடவில்லை.

போன வாரங்களில் அபிஷேகம் வாங்கியவர்கள் ஓடிப்போய்த் தங்கள் கார்களின் கம்பியை உருவினார்கள். எல்லாம் வறண்டு கிடந்தன. இரண்டு பேருடைய கம்பியில் கருகிய வாடை. கார்லிஸ் ஒலீட்டாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த வளைவும் பள்ளமும் அவன் கண்ணில் ஓடியிருக்க வேண்டும், முகம் வெளுத்திருந்தது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். எங்கள் ஊரைத் தெரியாதவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள்.

கூட்டத்திலிருந்து ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒலீட்டாவிடம் பவ்யமாக வந்தார். "அம்மா, உங்க கைராசி பெருசு. என் வண்டியையும் கொஞ்சம் தொட்டு விடுங்களேன்." அவருக்குப் பின்னால் அதற்குள் ஒரு வரிசை சேர்ந்துவிட்டது. யாரோ காணிக்கை வாளியைக்கூட அவள் காலடிக்கு நகர்த்தி வைத்தார்கள்.

ஒலீட்டா வாளியை எட்டி உதைத்தாள். கண்ணாடியை அவர் கையில் திணித்தாள்.

"என்னையும் நம்பாதீங்க. தரையில படுங்க. உங்க கண்ணால பாருங்க."

அவர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படுத்தா கோட்டு அழுக்காகுமே, அம்மா?"

"ஆகட்டும்! கோட்டைத் துவைச்சுக்கலாம். மூளையை மடிச்சு அடுத்தவன் கையில குடுத்தா, அவன் துவைச்சுத் தர மாட்டான், வித்துடுவான்!"