வீட்டுக்கு நான்கு நிமிடம்

"நாலு நிமிஷம்னா உங்க கணக்குல எவ்வளவு நேரங்க?"

வெல்டர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்து விழுந்தது. கழற்றிய செருப்பை மனைவியின் செருப்புக்குப் பக்கத்தில் விட்டார். அவளுடைய வலது செருப்பில் அறுந்த வாரை அவர்தான் செம்புக் கம்பியால் முறுக்கிக் கொடுத்திருந்தார். புதுசு வாங்கலாம் என்றால், "நடக்கிறதுக்கு இது தாங்கும்" என்று சொல்லிவிட்டாள்.

"பஸ் லேட்டு" என்றார்.

"பஸ் லேட்டுன்னா அது பத்து நிமிஷம்னு சொல்லும், பதினஞ்சு நிமிஷம்னு சொல்லும். இது முக்கால் மணி நேரமா நாலு நிமிஷத்துலயே நிக்குது. அதை நம்பி நானும் ஓட்டமா ஓடியாந்து அடுப்பைப் பத்த வச்சா, குளியலறையில தண்ணி கொதிச்சுக் கிடக்கு. குளிக்க வேண்டிய ஆளைக் காணோம்."

"ரோட்டுல ஒரே கூட்டம்..."

அலமாரி மேல் இருந்த உருண்டை டப்பா அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தது.

"சாலையில் நெரிசல் இல்லை."

"கேட்டுக்குங்க" என்றாள் மனைவி.

டப்பா மகள் வாங்கிக் கொடுத்தது. வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். இடுப்பு வலியோடு வரும் அப்பாவுக்கு வீடு வந்ததும் வெந்நீர் தயாராக இருக்க வேண்டும் என்பது அவள் திட்டம். வெல்டரின் போன் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து வீட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று டப்பா கேட்டு வாங்கிக்கொள்ளும். நேரம் குறையக் குறைய ஹீட்டரைப் போடும், விளக்கைப் போடும், ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவிக்கும். அதே சேதி மனைவியின் போனுக்கும் போகும். ஆள் எந்த இடத்தில் இருக்கிறார் என்று மட்டும் காட்டாது.

"இடமெல்லாம் வேணாம்டி. கட்டின புருஷனை வேவு பார்க்கிற மாதிரி இருக்கும். நேரம் தெரிஞ்சாப் போதும்" என்று அம்மாதான் மகளிடம் சொல்லியிருந்தாள். அந்தப் பெருந்தன்மையை வெல்டர் பட்டறையில் இரண்டு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டதும் உண்டு.

விஷயம் இவ்வளவுதான். பஸ்ஸை விட்டு இறங்கினால் பக்கத்திலேயே ஒரு பஞ்சர் கடை. அதன் தகரக் கூரைக்குக் கீழே யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போன பழைய கார் சீட். பகல் முழுக்க வெல்டருக்கு கிரைண்டர் சத்தம். வீட்டுக்குள் நுழைந்தால் அவருடைய அப்பாவின் டிவி சத்தம். பெரியவருக்குக் காது மந்தம், சுவர் அதிரும்வரை வைத்தால்தான் திருப்தி. இரண்டு சத்தத்துக்கும் நடுவில் அந்த சீட். அதில் சாய்ந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. பஞ்சர்காரர் நிமிர்ந்து ஒரு தலையசைப்பு, அதோடு சரி.

சீட் எப்போது உட்கார்ந்தாலும் இளஞ்சூடாக இருக்கும். வெயில் சூடு என்று நினைத்துக்கொள்வார். மழை பெய்த நாளிலும் அப்படித்தான் இருந்தது. அதையெல்லாம் யோசிக்கிற தெம்பு இருந்தால் மனிதன் எதற்கு அங்கே உட்காரப் போகிறான்?

அந்த அரை மணி, முக்கால் மணிதான் அவருக்கென்று இருந்தது. அதை விட்டுக் கொடுத்தால் மறுநாள் வெல்டிங் கண்ணாடியை முகத்துக்குத் தூக்கக் கை வராது. வீட்டில் சொல்லலாம்தான். "வீட்டுக்கு வரப் பிடிக்கலையா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

மகளுக்கு போன் போட்டார்.

"அந்த டப்பா தப்பு தப்பா சொல்லுதும்மா. கொஞ்சம் பாரு."

"ஒரே நேரத்தையே காட்டுதுன்னு அம்மாவும் சொன்னாங்கப்பா. பழைய கணக்கைப் பிடிச்சிக்கிட்டு நிக்குது போல. இனிமே ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் புதுசாக் கேட்டு வாங்குற மாதிரி வச்சிடறேன்."

"ஐயோ, அவ்வளவு சிரமம் உனக்கெதுக்கும்மா..."

"எனக்கென்னப்பா சிரமம்? ஒரு தட்டு."

மறுநாள் அவர் கார் சீட்டில் சாய்ந்திருந்த நேரம் முழுக்க, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வீட்டில் டப்பா கூவியது. மனிதர் பேச்சு காதில் விழாத பெரியவருக்கு டப்பா பேச்சு மட்டும் கணீரென்று விழும். மகன் வந்தால் சாப்பாடு என்பது அவருடைய கணக்கு.

வெல்டர் வீட்டுக்குள் வந்தபோது பெரியவர் மூன்றாவது தட்டில் கை வைத்திருந்தார்.

"மாமா வயித்துக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு" என்றாள் மனைவி.

"நான் என்னடி பண்ணினேன்?"

"நாலு நிமிஷம், நாலு நிமிஷம்னு அவர் உயிரை எடுத்தீங்க. வேற என்ன பண்ணணும்?"

"சாப்பாடெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் பெரியவர், யாரும் கேட்காமலே.

அதற்கு மறுநாள் வெல்டர் பஸ்ஸில் ஏறியதும் போனை அணைத்துவிட்டார். செத்த போன் என்ன நேரத்தைச் சொல்லிவிடும்? நிம்மதியாக சீட்டில் சாய்ந்து ஒரு தூக்கமும் போட்டார்.

எழுந்து தெருமுனை திரும்பினால் வீட்டில் எல்லா விளக்கும் எரிகிறது. வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள். மனைவியின் போனில் மகள் அழுகிறாள். பட்டறை மேஸ்திரி வேறு, "ஆள் கிளம்பி ரொம்ப நேரமாச்சே" என்று நல்லது செய்து வைத்திருக்கிறார்.

"இருப்பிடம் தெரியவில்லை" என்று டப்பா உள்ளேயிருந்து ஓயாமல் அறிவித்துக்கொண்டிருந்தது.

"யாருக்குடா வீடு தெரியலையாம்? பாவம், உள்ள கூப்பிடு" என்றார் பெரியவர்.

"சார்ஜ் போயிடுச்சு" என்றார் வெல்டர்.

கூட்டம் கலைந்ததும் மனைவி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் கோபம்கூட இல்லை. வெறும் அசதி.

"நீங்க எவ்வளவு லேட்டா வேணா வாங்க. நான் ஒண்ணும் கேக்கல. ஆனா எப்ப வருவீங்கன்னு எனக்குத் தெரியணும். அது தெரியாம என்னால ஒரு இடத்துல நிம்மதியா உட்கார முடியுமா, சொல்லுங்க?"

 இப்படி உயிரை விடுகிறவளிடமா பொய் சொல்கிறோம் என்று வெல்டருக்கு இருந்தது. இனி போனை அணைப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்தார். சீட்டை விடுவதாக மட்டும் முடிவு செய்ய முடியவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் போனைப் பட்டறையில் லேத் மெஷின் ஓட்டும் கடைசல்காரனிடம் கொடுத்தார். அவனுக்கு ஓவர்டைம். வீடும் அதே வழிதான்.

"இது உன்கிட்ட இருக்கட்டும் மச்சான். வேலை முடிஞ்சு போறப்ப பஸ் நிறுத்தத்துப் பஞ்சர் கடையில என்கிட்ட கொடுத்துட்டுப் போ."

கடைசல்காரன் மேலும் கீழும் பார்த்தான். "இந்த வயசுல யாரையாவது சேர்த்துக்கிட்டியா?"

"ஆமாடா. பழைய கார் சீட்டை."

"நம்பிட்டேன், போ."

போன் பட்டறையில் இருக்கும்வரை வெல்டரும் பட்டறையில்தான் இருக்கிறார் என்று டப்பா நம்பும். மனைவிக்குச் சரியான நேரம் போகும், கவலைப்பட மாட்டாள். போன் கைக்கு வரும்போது இவரும் எழுந்து நடப்பார். சொன்னபடி நாலே நிமிடத்தில் வீடு. இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று பஸ்ஸில் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். பல நாளைக்குப் பிறகு இடுப்பு வலிகூடக் கொஞ்சம் விட்டுக் கொடுத்தது.

பஞ்சர் கடையை நெருங்கியவர் நின்றுவிட்டார். சீட் காலியாக இல்லை.

யாரோ ஒரு பெண். கால்களை நீட்டி, தலையை அந்தப் பக்கம் சாய்த்து, அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் துணிப்பை, அதன் மேல் போன். இரண்டு செருப்புகளும் கீழே கழன்று கிடந்தன.

வலது செருப்பின் வாரில் செம்புக் கம்பி.

வெல்டர் வாயைத் திறப்பதற்குள் பஞ்சர்காரர் டியூபைப் போட்டுவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்தார். அவர் வாயிலிருந்து இத்தனை வார்த்தைகள் வந்து வெல்டர் கேட்டதே இல்லை.

"சத்தம் போடாதீங்கண்ணே, தூங்கட்டும். தினம் உங்களுக்கு முன்னாடி இந்த அம்மாதான் இதுல உட்காரும். புருஷன் பக்கத்துல வந்துட்டான்னு போன் சொன்னதும் வாரிச் சுருட்டிக்கிட்டு ஓடிடும். இன்னிக்குத்தான் பாவம் கண்ணசந்திருக்கு, அந்த ஆள் வர இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்காம்."