ஊதாவுக்கு வரிசை இல்லை

குடிநீர்க் குழாய் இணைப்பு அனுமதி அலுவலகத்தின் காத்திருப்புக் கூடத்தில் மாட்சிமை தங்கிய டி.வி. ஒன்று இருந்தது. காலண்டர் மாதிரி சுவரில் தொங்குகிற இந்தக்கால ஒல்லி டி.வி. அல்ல, முதுகில் மூட்டை சுமக்கிற பழைய பெட்டி டி.வி. தினமும் காலையில் விண்ணப்ப எண்கள் அதில் தோன்றும். பச்சையில் தெரிந்தால் அனுமதி, சிவப்பில் தெரிந்தால் நிராகரிப்பு. ‘திரையில் தோன்றும் நிறமே இறுதியானது’ என்று பக்கத்திலேயே பலகை மாட்டியிருந்தார்கள். ஃபைலைக் காட்டு, காரணத்தைச் சொல்லு என்று பொதுமக்கள் அதிகாரிகளின் உயிரை வாங்காமலிருக்கச் செய்த ஏற்பாடு.

தையல்காரம்மாவின் எண் நாற்பத்தொன்று. அவள் குடியிருப்பது மூன்றாவது மாடியில். தண்ணீர் குடியிருப்பது தெருமுனை அடிபம்பில். குடத்தோடு ஏறி ஏறி வலது முழங்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. “இனிமேலும் தண்ணி தூக்கினீங்கன்னா கால் உங்க பேச்சைக் கேக்காது” என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கால் போனால் தையல் மெஷினை யார் மிதிப்பது? வீட்டுக்குள் குழாய் வந்தே தீரவேண்டும்.

அன்று நாற்பத்தொன்று திரையின் இடது மூலையில் தெரிந்தது. ஊதா நிறத்தில்.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். ஊதாதான். அழகான ஊதா, அந்த நிறத்தில் ஜாக்கெட் தைத்தால் எடுப்பாக இருக்கும். நொண்டிக்கொண்டே கவுண்டருக்குப் போனாள்.

“பச்சைன்னா இடது வரிசை. சிவப்புன்னா வலது வரிசை, மேல்முறையீடு,” என்றார் கவுண்டர்காரர். “ஊதாவுக்கு வரிசை இல்லையேம்மா.”

“அப்ப நான் எங்க நிக்கிறது?”

“நிக்கவே கூடாது. உக்காருங்க.”

“உள்ள ஃபைல்ல என்ன போட்டிருக்குன்னு ஒரு எட்டு பாத்துச் சொல்லுங்களேன் சார்.”

கவுண்டர்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. “ஃபைலைப் பாக்கிறதுக்கா திரை வெச்சிருக்கோம்?”

ஊதா எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த அலுவலகத்தின் மேலதிகாரிக்குக் காந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. கையில் காந்தக் காப்பு, கழுத்தில் காந்தச் சங்கிலி, இடுப்பில் காந்த பெல்ட். காந்தம் பட்டால் ரத்தத்தில் இருக்கிற இரும்பெல்லாம் ஒழுங்காக வரிசையில் நிற்குமாம். பொதுமக்களை வரிசையில் நிறுத்தியே பழகிய மனிதர், ரத்தத்தை மட்டும் சும்மா விடுவாரா? அவர் காப்புப் போட்ட மறுநாளே கவுண்டர்காரரிலிருந்து காவல்காரர் வரை எல்லார் கையிலும் காப்பு. பொதுமக்களின் ரத்தமும் உருப்படட்டுமென்று, அடியில் காந்தம் பதித்த தண்ணீர் ஜாடி ஒன்றை அவரே கொண்டுவந்து டி.வி.யின் தலையில், இடது ஓரமாக வைத்திருந்தார்.

பெட்டி டி.வி.க்குக் காந்தம் ஆகாது, திரையில் நிறம் திரிந்துவிடும். ஜாடி வந்த அன்றுதான் ஊதாவும் வந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. திரையைத் துடைத்தார்கள், ஜன்னலைச் சாத்தினார்கள், எதிர்ச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். மெக்கானிக் வந்தார், ஜாடியைப் பார்த்தார், மேலதிகாரியின் காப்பைப் பார்த்தார், “டி.வி.க்கு வயசாயிடுச்சு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடைசியில், ஊதா தெரிகிறவர்கள் கண் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிவர வேண்டும் என்று உத்தரவாயிற்று.

தையல்காரம்மா அதையும் வாங்கிக்கொண்டு வந்தாள். சைக்கிள் கடைக்காரர் அவளுக்காக இடம் பிடித்து வைத்திருந்தார். அவருடைய எண் நாற்பத்திரண்டு, நல்ல பச்சை. ஆனால் நாற்பத்தொன்றுக்கு முடிவு தெரியாமல் நாற்பத்திரண்டைக் கூப்பிடமாட்டார்கள். கோபித்துக்கொள்ளாமல் காத்திருந்தார், நல்ல மனுஷன்.

சான்றிதழைத் தேடுவதற்காக அவள் பையை டி.வி.யின் தலையில், ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். பைக்குள் கத்தரிக்கோல், நூல்கண்டு, தரையில் சிதறுகிற குண்டூசிகளைப் பொறுக்குகிற காந்தக்கட்டி. பையை வைத்ததுதான் தாமதம், ஊதா அப்படியே வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. நாற்பத்தொன்று பச்சை!

“சார்! காந்தம்தான் சார் காரணம்! அந்த ஜாடியை எடுத்தா எல்லாமே சரியாயிடும்!”

“மெதுவா பேசுங்கம்மா! ஜாடி யாரோடதுன்னு தெரியுமா?” கவுண்டர்காரர் மேலதிகாரியின் அறைப் பக்கம் பயந்துபோய்ப் பார்த்தார். “உங்க நம்பர் பச்சை. பேசாம இடது வரிசைக்கு வாங்க.”

அவள் ஜாடியை மறந்துவிட்டு இடது வரிசைக்கு நகர்ந்தாள். அப்போதுதான் பின்னாலிருந்து சைக்கிள் கடைக்காரரின் குரல் கேட்டது.

“அக்கா, என் நம்பர் ஊதாவாயிடுச்சு. பையைக் கொஞ்சம் நகத்துங்களேன்.”

அவள் பையைப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள். சைக்கிள் கடைக்காரரின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“இருங்க தம்பி. சீல் விழட்டும்.”

சீல் விழுந்தது. “இது முதல் சீல். திங்கட்கிழமை இரண்டாவது சீல்,” என்றார் கவுண்டர்காரர். “அன்னைக்கும் பச்சையாவே இருக்கணும்.”

அவள் பையை எடுத்துக்கொண்டாள். நாற்பத்தொன்று மறுபடி ஊதாவானது. ஆனால் கீழே இறங்கிய ஊதா கறையாகப் படிந்துவிட்டதால் நாற்பத்திரண்டும் ஊதாவாகவே நின்றுவிட்டது.

“அந்தக் காந்தத்தையாவது கொடுத்துட்டுப் போங்கக்கா.”

“அது இல்லாம எனக்குத் தொழில் ஓடாதே தம்பி,” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். அன்றைக்கு முழங்கால்கூட அவ்வளவாக வலிக்கவில்லை.

இந்த மாதிரி சங்கதி ஊரில் எத்தனை நாள் தங்கும்? திங்கட்கிழமை கூடத்துக்கு வந்தவர்கள் ஒருவர்கூட வெறுங்கையோடு வரவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற பொம்மை, பென்சில் பெட்டியின் மூடி, அலமாரிக் கதவிலிருந்து பெயர்த்த துண்டு. அவரவர் சக்திக்கு ஏற்ற காந்தம். ஆளுக்கொரு பக்கம் அதை வைத்துத் தேய்க்க, திரை ஹோலி ஆடியதுபோல் கிடந்தது. மேலதிகாரி வெளியே வந்து பார்த்துக் கண்கலங்கிப் போனார். “மக்களுக்கு ரத்தத்தைப் பத்தி விழிப்புணர்வு வந்துடுச்சுய்யா!” அந்த இடத்திலேயே ஒரு உத்தரவு போட்டார்: இனிமேல் காந்தம் இல்லாமல் வருகிறவர்களின் விண்ணப்பம் ஏற்கப்படாது.

தையல்காரம்மா முண்டியடித்து முன்னால் போய்த் தன் பையைத் தூக்கி வைத்தாள். நாற்பத்தொன்று அசையவில்லை. அதே ஊதா. குண்டூசி பொறுக்குகிற காந்தம் எந்த மூலைக்கு? பழைய ஒலிபெருக்கியிலிருந்து பிடுங்கிய, சாப்பாட்டுத் தட்டு அகலக் காந்தத்தைத் திரையோரம் அணைத்துப் பிடித்தபடி சைக்கிள் கடைக்காரர் நின்றிருந்தார். நாற்பத்திரண்டு பசேலென்று ஜொலித்தது.

“தம்பி, அதைக் கொஞ்சம் நகத்துங்க. என் காலைப் பாருங்க தம்பி, நிக்க முடியல.”

அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“இருங்கக்கா. சீல் விழட்டும்.”