ஃப்ளூ ஊசியை மறுத்த ஆதிநாராயணன்

நெருப்புக்குப் பிறகு மனிதகுலம் கண்ட மகத்தான கண்டுபிடிப்பு, விழுப்புரம்–திண்டிவனம் நெடுஞ்சாலையோரத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவுக் கம்ப்யூட்டரில் முளைத்த மஞ்சள் பெட்டிதான். வந்தவரை வீட்டுக்கு அனுப்புமுன் அது கேட்கும்: 'ஃப்ளூ தடுப்பூசி போடப்பட்டதா?' பதில் சொல்லாமல் டிஸ்சார்ஜ் சீட்டு வராது. பதில் இரண்டே: 'போடப்பட்டது', 'நோயாளி மறுத்தார்'. மூன்றாவதாக ஒன்று உண்டென்று பெட்டியை வடிவமைத்த வல்லுநர் குழு கனவிலும் கருதவில்லை.

நர்ஸ் புனிதாவுக்கு அந்த மூன்றாவதுதான் தெரியும்: ஃபிரிட்ஜில் மருந்தே இல்லை. வந்ததெல்லாம் தடுப்பூசித் திட்டத்தின் தொடக்க விழாவன்றே நிர்வாகத்தார் குடும்பங்களின் தோள்களில் 'முன்னுதாரணமாக' இறங்கிவிட்டது.

காணை கிராமத்து ஆதிநாராயணனுக்கு ஆஸ்துமா. மூச்சிரைத்து வந்தவர் கொஞ்சம் தேறி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி தனம்.

"போன வருசம் இந்த ஃப்ளூ காச்சல்தாம்மா இவர ஐசியூல தள்ளிச்சி. அந்த ஊசியப் போட்டு அனுப்பிடும்மா."

"ஸ்டாக் இல்லிங்கம்மா."

"பின்ன எதுக்கு செவுரு பூரா 'போட்டுக்கோ, போட்டுக்கோ'ன்னு ஒட்டிக்கினு இருக்கீங்க?"

ஆதிநாராயணன் சட்டைக் கையை ஏற்கெனவே சுருட்டியிருந்தார். "பரவால்ல பாப்பா, நான் நீட்டிக்கினே இருக்கேன். ஜல்தியா வரவழை."

வாசலில் அடுத்த ஆம்புலன்ஸ் அலறியது. கட்டில் வேண்டும். புனிதா கண்ணை மூடிக்கொண்டு 'மறுத்தார்' என்பதைத் தட்டினாள். 'நன்றி! விழிப்புணர்வு ஊட்டப்பட்டது' என்று பெட்டி பூரித்தது.

மாதக் கூட்டத்தில் நிர்வாக அதிகாரி பிரேம்குமார் தழுதழுத்தார்: "நூறு சதவீதம் கேட்டுட்டோம்! நூறு சதவீதம் மறுத்துட்டாங்க. ஜனங்களுக்கு அறிவு பத்தல."

"சார், மருந்தே வரலிங்க சார்" என்றாள் புனிதா.

"எல்லாரும் வேணாங்கும்போது மருந்த வாங்கி ஊறுகாயா போடறது?"

கைதட்டல். மருந்துக்குப் பதில் மஞ்சள் பெட்டிக்கு மணியோசை சேர்ப்பதென ஏகமனதாகத் தீர்மானம்.

அந்த வாரமே ஆதிநாராயணனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தாள் தனம். அனலாய்க் காய்ச்சல், பேச்சு வரவில்லை. புனிதா ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டினாள், தனத்தின் முகத்தைப் பார்க்காமல்.

டியூட்டி டாக்டர் திரையைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "ஊசி வேணாம்னு மறுத்திருக்கீங்களேம்மா!"

"மறுத்தது நெசந்தாங்க" என்றாள் தனம். "ஆளைத்தான் மாத்தி எழுதி வச்சிருக்கீங்க."