நாளைய மின்சாரக்காரர்

ஊருக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். சில ஊர்களில் தெரு ஒழுங்கைக்கு ஒருவர். வீட்டு விறாந்தையில் மின்குமிழ் பழுதாகி மாதக்கணக்காகியிருக்கும், அதைப்பற்றி அவருக்குக் கவலை கிடையாது. முப்பது வருடம் கழித்து எரியப்போகிற மின்குமிழைப் பற்றிக் கேளுங்கள், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். இந்த இனத்துக்கு நாளைய மின்சாரக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அடையாளம் காண்பது சுலபம். கைபேசியில் சார்ஜ் எப்போதும் சாகக் கிடக்கும். வாயில் மட்டும் ஆயிரம் மெகாவாட் ஓடிக்கொண்டிருக்கும்.

முற்றி விளைந்த மாதிரி ஒன்றைப் பார்க்க விரும்புகிறவர்கள் கோப்பாய்க்கு வரலாம். பெயர் தியாகலிங்கம். தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் பிறர் கடிதத்துக்கு முத்திரை குத்தியவர் ஓய்வு பெற்ற மறுகிழமையே அணுவுக்குள் இறங்கினார், இன்னும் வெளியே வரவில்லை. மருதனார்மடம் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போவார். "தம்பி, சுண்டுவிரல் நுனியளவு யுரேனியம், ஒரு தொன் நிலக்கரிக்குச் சமன். தெரியுமோ?" என்பார். "அப்பிடியே ஐயா? கத்தரிக்காய் அரைக் கிலோவோ, ஒரு கிலோவோ?" என்பான் வியாபாரி. சில நாள் கத்தரிக்காயை மறந்து யுரேனியத்தோடு மட்டும் வீடு திரும்புவார்.

அணு உலைக்கு அவர் இடமும் பார்த்து வைத்திருக்கிறார். காங்கேசன்துறையில், பழைய சீமெந்துத் தொழிற்சாலைக் காணி. உலையைக் குளிரவைக்கப் பக்கத்தில் கடல், எரிபொருள் இறக்கத் துறைமுகம், எல்லாம் தயார். "ஏதும் பிழைச்சாலும் பயமில்லை. எங்கடை சனத்துக்குச் சண்டைக்காலத்திலை எழும்பி ஓடின பழக்கம் இருக்கு," என்று முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொல்வார்.

ஆகவே அவர் அணு உலைக்கு ஆதரவானவர் என்று நினைத்துவிட்டீர்களா? அவசரப்படாதீர்கள். "சரி அண்ணை, கட்டட்டும்," என்று யாராவது ஒத்துக்கொண்டால் உடனே மறுபக்கம் பாய்ந்துவிடுவார். பிளந்த அணுவின் கழிவை எங்கே வைப்பது? ஆயிரமாயிரம் வருடம் காவலிருப்பது யார்? யாழ்ப்பாணத்து மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றியது கிணற்றுக்குள் வர எத்தனை நாள் செல்லும்? கட்டி முடிக்கவே பத்துப் பதினைந்து வருடம், அதற்குள் எத்தனை அரசாங்கம் மாறும்? இத்தனையும் கேட்டு எதிரே நிற்பவர் சோர்ந்துபோகிற நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, தியாகலிங்கத்தார் தன் கடைசித் துருப்பை இறக்குவார்: அணுப்பிணைவு. பிளப்பது அல்ல, சேர்ப்பது. எரிபொருளைக் கடல் தண்ணீரிலிருந்து எடுக்கலாம், தறிகெட்டு வெடிக்காது, தலைமுறை தலைமுறையாகக் காவலிருக்க வேண்டிய கழிவும் இல்லை. அந்த எரிபொருளைப் பத்துக் கோடி பாகைக்கு மேலே சூடாக்கி, எதிலும் முட்டாமல் காந்தத்தால் தாங்கிப் பிடிக்க வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி. எப்போது வரும்? "இன்னும் முப்பது வருசம்தான்." அவர் பள்ளிக்கூடத்தில் படித்தபோதும் முப்பது வருடம்தான் இருந்தது. அந்த முப்பது குறையாமல் நிற்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாத பொழுதுபோக்காக இருந்திருக்கும், அந்த மனிதருக்கு ஒரு கிணற்றில் மூன்றிலொரு பங்கு இல்லாதிருந்தால்.

பங்குக் கிணறு என்றால் தெரியும்தானே? கிணறு ஒன்று, தோட்டம் மூன்று, முறை வைத்து இறைப்பு. மற்ற இரண்டு பங்கில் ஒன்று தங்கை உதயகலாவுக்கு. புருசன் செத்த பிறகு வெங்காயத்தை நட்டு அந்தத் தோட்டத்தாலேயே தலைநிமிர்ந்தவள். மற்றது சித்தப்பா மகன் றஞ்சித்துக்கு. அந்தக் கிணற்றுக்கென்று குடும்ப வழமை ஒன்று இருக்கிறது. கிணற்றடியில் புதிதாக எதைச் செய்வதென்றாலும் பங்காளிகள் மூவரும் வந்து நிற்க வேண்டும். கேட்கிறவர் கிணற்றுக்கட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்து விசயத்தைச் சொல்ல வேண்டும். கற்பூரம் அணைவதற்குள் யாராவது "பொறுங்கோ" என்றால் காரியம் நின்றுவிடும். சொல்லாவிட்டால் சம்மதம். எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

தியாகலிங்கத்தார் வாழ்க்கையில் யாருக்கும் "மாட்டன்" என்று சொன்னவரில்லை. பொறுங்கோ என்பார், அவ்வளவுதான். கிணற்றடிக்குக் கரண்ட் இழுப்போம் என்று றஞ்சித் முதல் கற்பூரம் கொளுத்தியபோது, "பொறுங்கோ, அது புகை கக்கிற கரண்ட்," என்றார். சோலர் பூட்டுவோம் என்று இரண்டாவது கற்பூரம் எரிந்தபோது, "பொறுங்கோ, சோலர் பழசு. உலகம் வேறை எங்கையோ போயிட்டுது," என்றார். எப்படியும் ஓமென்பார் என்று நம்பி றஞ்சித் முற்கூட்டியே வாங்கிவந்த சோலர் தகடுகள் அவன் வீட்டு முற்றத்தில் கிடந்தன. பெண்சாதி அவற்றின் மேல் செத்தல் மிளகாய் காயவைத்தாள்.

பிறகு, மண்ணெண்ணெயில் ஓடிய பழைய இறைப்பு மிசின் ஒருநாள் இருமிவிட்டு நின்றது. நின்றதுதான். திருத்துகிறவன் வந்து பார்த்து, தொப்பியைக் கழற்றாத குறையாக மரியாதை செலுத்திவிட்டுப் போய்விட்டான். வெங்காயம் குமிழ் வைக்கிற நேரம். செம்மண் வெடிக்கிற வெயில். உதயகலா இரண்டு கையிலும் வாளியோடு கிணற்றுக்கும் பாத்திக்குமாக நடந்தாள். ஒழுங்கையோரத்து இரண்டு பாத்திகள் அவள் கண்முன்னாலேயே நுனி கருகிச் சாய்ந்தன. அன்று வரம்பில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதாள்.

தியாகலிங்கத்தார் கல்லில்லை, தங்கச்சி என்றால் உயிர். ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றார். "பிள்ளை, சோலரைப் பூட்டு" என்ற சொல் தொண்டைவரை வந்தது. "பிள்ளை, அணுப்பிணைவு வந்திட்டால் கடல் தண்ணியையே நன்னீராக்கி வாய்க்காலிலை விடலாம்," என்று வெளியே வந்தது.

உதயகலா முகத்தைத் துடைத்தாள். "அண்ணை, வெங்காயத்துக்கு முப்பது வருசம் நிக்கத் தெரியாது," என்றாள். வாளியைத் தூக்கினாள்.

அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி குணலட்சுமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரோடு வாதாடி வென்றவர் எவருமில்லை, அழுது வென்றவளும் இல்லை என்று கலியாணமான கிழமையே கண்டுபிடித்தவள் அவள். ஆனால் அவரிடம் சந்தேகம் கேட்கலாம். சந்தேகம் கேட்டால் அடுப்பில் பால் பொங்கி ஊற்றினாலும் அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை உதயகலா மூன்றாவது கற்பூரத்தைக் கொளுத்தினாள். "சோலர் பூட்டி இறைக்கப்போறன். மூண்டு தோட்டத்துக்கும்." றஞ்சித் தரையைப் பார்த்தபடி நின்றான். தியாகலிங்கத்தார் தொண்டையைச் செருமினார். உதடு "பொ" என்று குவிந்தது.

"இஞ்சருங்கோ," என்றாள் குணலட்சுமி, பக்கத்தில் நின்று சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி. "எனக்கொரு சந்தேகம். உந்தச் சூரியனிலை எரியிறதும் யுரேனியம்தானே?"

தியாகலிங்கத்தார் திடுக்கிட்டார். தன் வீட்டில், தன் பெண்சாதி வாயிலிருந்து, இப்படி ஒரு பிழை!

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்! யுரேனியமோ? ஐதரசன்! ஐதரசன் சேர்ந்து ஈலியம் ஆகுது. அதுதானப்பா அணுப்பிணைவு!"

"அப்ப அதுவும் அடிக்கடி பழுதாகுமோ?"

"பழுதாகிறதோ! நானூற்றறுபது கோடி வருசமா ஒரு நாள் நிண்டதில்லை. செக்கனுக்கு அறுபது கோடி தொன் ஐதரசன். இஞ்சை பூமியிலை, பிரான்சிலை அந்தச் சூட்டை இருபது நிமிசம் சொச்சம் பிடிச்சு வைச்சிட்டுச் சாதனை எண்டு கைதட்டுறாங்கள். அங்கை காந்தமும் இல்லை, ஒண்டும் இல்லை, தன்ரை பாரத்தாலையே பிடிச்சு வைச்சிருக்கு!"

"கழிவை என்ன செய்யிறாங்கள்?"

"எங்களுக்கு ஒரு கழிவும் இல்லை. காவல் தேவையில்லை, கட்டத் தேவையில்லை, காணி தேவையில்லை. பதினைஞ்சு கோடி கிலோமீற்றர் தள்ளி நிக்குது, வெடிச்சிடுமெண்ட பயமும் இல்லை. வெளிச்சம் எட்டு நிமிசத்திலை உந்தக் கிணத்துக்கட்டிலை வந்து இறங்குது. இதைவிட ஒரு உலையை மனிசன் கட்டுவானோ? இது வந்து விழுகிறதை ஏந்தத் தெரியாதவன்தான் மடையன்!"

கையை வானத்துக்கு நீட்டியபடி அவர் மூச்செடுக்க நின்றார். கிணற்றுக்கட்டில் ஒரு கருந்தடம் மட்டும் இருந்தது.

"அணைஞ்சிட்டுது," என்றான் றஞ்சித் மெதுவாக.

"என்னது?"

"கற்பூரம், அண்ணை."

"நான் ஓமெண்டு சொல்லேல்லையே?"

"நீங்கள் பொறுங்கோ எண்டும் சொல்லேல்லை," என்றாள் உதயகலா. அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தது அவளுக்கு. றஞ்சித் மிளகாயைத் தட்டிவிட்டுத் தகடுகளைத் தூக்கிவர ஓடினான்.

அதன் பிறகு மிச்சப் பாத்திகள் பிழைத்துக்கொண்டன. வாய்க்காலில் தண்ணீர் வந்த முதல் நாள், தியாகலிங்கத்தார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதில் கால் நனைய நின்றார். கண் கலங்கியிருந்ததாக றஞ்சித் சொல்கிறான். அடுத்த சந்தை நாளே, இலங்கையில் அணுப்பிணைவால் இறைக்கிற முதல் தோட்டம் கோப்பாயில்தான் இருக்கிறதென்றும், அதற்குத் தான்தான் விளக்கம் கொடுத்ததென்றும் மருதனார்மடத்தில் அறிவித்தார். "இராவிலை என்ன செய்வியள் ஐயா?" என்று கேட்டான் கத்தரிக்காய் வியாபாரி. "அதுக்குப் பொறுக்கோணும், தம்பி," என்றார் அவர்.

ஒழுங்கையோரத்து அந்த இரண்டு பாத்தியில் மட்டும் உதயகலா இன்னும் ஒன்றும் நடவில்லை. அவர் சந்தைக்குப் போகும் வழி அது. அந்த இடம் வந்ததும் சைக்கிளை வேகமாக மிதிப்பார்.

உங்களுக்கும் இந்த இனத்துக்கும் சம்பந்தமில்லை என்றுதானே இவ்வளவு நேரமும் சிரித்தீர்கள்? சந்தோசம். மேலே சூரியக் கணக்கு வந்த இடத்தில், "அது அப்படியில்லையே, ஒரு சின்னத் திருத்தம்," என்று உங்கள் வாய் துடித்ததா? அதையும் பரவாயில்லை என்று விடலாம். ஒன்று மட்டும் செய்யுங்கள். இதை வைத்துவிட்டு ஒருமுறை வீட்டுக்குள் திரும்பிப் பாருங்கள். உங்கள் ஒரு சொல்லுக்காக யாராவது கற்பூரத்தைக் கொளுத்தி வைத்துக்கொண்டு நிற்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள், பார்க்கிறேன் என்கிறீர்களா?

அது போதும். இனம் தெரிந்துவிட்டது.