ஐந்தாவது குழிக்கு ஒரு வாட்ச்

சின்னவளுக்குப் பெரியவள் எழுதிக்கொள்வது.

இங்கே நான், மகன், மருமகள், பேத்தி நால்வரும் சுகம். அங்கே நீ சுகமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதோடு நிறுத்திக்கொண்டேன், மேற்கொண்டு விசாரிக்கவில்லை. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே அடுப்பில் சமைத்த ஓரகத்திகள் என்பதற்காக இந்த மரியாதை வரிகள், மற்றபடி உள்ளே ஒன்றும் இல்லை. நான் ஐந்தாவதோடு நின்றவள். நீ பத்தாவது படித்தவள் என்பதைக் கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாய். ஆகையால் எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். விஷயத்தில் பிழை இருக்காது.

விஷயம் இதுதான். மாமியாருடைய வாட்ச், உன் கையில் இருக்கிறதே அது, எனக்கு வேண்டும்.

கோபம் வரும், வரட்டும், காரணத்தைக் கேள். போன மாதம் என் பிறந்தநாள் என்று மகன் ஒரு பெட்டி வாங்கி வந்தான். கறுப்பு மரம், மேலே கண்ணாடி மூடி, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த துணியில் வரிசையாக ஐந்து குழி. என் வாட்சுகளை மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேனாம், பார்க்கவே அவனுக்குச் சங்கடமாக இருக்கிறதாம். இருந்த நான்கையும் எடுத்து வைத்தோம், ஒரு குழி காலி. அன்றிலிருந்து பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவதுபோல என் கண் அங்கேயே போகிறது.

இருக்கிற நான்கும் சும்மா வந்து சேர்ந்ததில்லை. முதலாவது, தையல் ஃபேக்டரியில் நான் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் வாங்கியது. அங்கே சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் முக்கால். காலையில் சுவர்க் கடிகாரத்தை முக்கால் மணி முன்னால் தள்ளி வைத்துவிட்டு, தாமதம் என்று எங்களைத் திட்டுவான். மத்தியானத்துக்கு மேல் அதையே பின்னால் இழுத்து வைப்பான், ஜன்னலில் வெளிச்சம் போய்விட்டிருக்கும், அவன் கடிகாரத்தில் மட்டும் வேலை முடிந்திருக்காது. நான் ஒரு ஆம்பிளை வாட்சை வாங்கிக் கட்டிக்கொண்டு போய் மெஷின் சத்தத்துக்கு மேலே எல்லோருக்கும் மணி சொன்னேன். "உன் வாட்ச் வேகமா ஓடுதும்மா" என்றான். "வாட்ச் அதுபாட்டுக்குத்தான் ஓடுது சார், உங்க கைதான் ஓடக் கூடாத இடத்துல ஓடுது" என்றேன். மறுநாளே என்னை இஸ்திரிப் பக்கம் மாற்றினான், ஆவியில் வெந்த தழும்பு இன்னும் வலது கையில் இருக்கிறது. ஆள் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் மேல் எனக்கிருக்கும் கோபம் திடகாத்திரமாக இருக்கிறது.

இரண்டாவது என் வீட்டுக்காரருடையது. முகப்பை உள்பக்கம் திருப்பிக் கட்டுவார், பஸ்ஸில் யாரும் மணி கேட்டுவிடக் கூடாதாம். நான் என் அம்மாவோடு போனில் பேசும்போது மட்டும் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். அவர் போன பிறகு கட்டிப் பார்த்தேன், நன்றாக ஓடுகிறது, ஆனால் என் கையில் தங்காமல் நழுவிக்கொண்டே இருக்கிறது. குணம் அப்படியே இருக்கிறது. மூன்றாவது, பேத்தி சின்ன வகுப்பில் கட்டிய பூனை படம் போட்ட வாட்ச், குப்பைக் கூடைக்குப் போன பொருளைப் பாதி வழியில் மறித்து எடுத்தேன். நான்காவதுதான் மருமகள் வாங்கிக் கொடுத்தது. அது வாட்சே இல்லை, கையில் கட்டிய மாமியார். உட்கார்ந்தால் எழுந்திரு என்கிறது, படுத்தால் சரியாகத் தூங்கவில்லை என்கிறது. நெஞ்சு படபடத்தால் ஒரு உறுமல் உறுமி, 'மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள்' என்று எழுத்து வருகிறது. உன் நினைப்பு வரும்போதெல்லாம் அது இப்படி உறுமுவதை நானே கவனித்திருக்கிறேன்.

ஐந்தாவதைத் தேர்ந்தெடுக்க எல்லோருமாகக் கடைக்குப் போனோம். மகன் ஒரு வாரமாகப் போனில் படித்து வைத்திருந்தான். "ஒரு கலெக்ஷன்னா அதுக்கு ஒரு கணக்கு இருக்கும்மா. வெளியே போக ஒண்ணு, விசேஷத்துக்கு ஒண்ணு, ஓடியாட ஒண்ணு" என்றான். நான் போகிற இடமே கண் டாக்டர், காய்கறிக் கடை, மொட்டை மாடி. மூன்றுக்கும் வேறு வேறு வாட்ச் கட்டிக்கொண்டு போனால் கண் டாக்டர் என்னை வேறு டாக்டரிடம் அனுப்பிவிடுவார். கடைக்காரப் பையன் கையுறை மாட்டிக்கொண்டு, பிரசவித்த குழந்தையைக் காட்டுவதுபோல ஒன்றை எடுத்து நீட்டினான்.

"பாட்டி, இது தண்ணிக்கு அடியில எவ்வளவு ஆழம் போனாலும் ஓடும்."

"என்னை எங்கேப்பா தள்ளிவிடப் போறே?"

"அது வேணாம்னா இதைப் பாருங்க. பேட்டரியே கிடையாது. உங்க கை ஆடுற வரைக்கும் ஓடும்."

"கை நின்னா?"

அவன் மகனைப் பார்த்தான். மகன் கூரையைப் பார்த்தான். "நல்லதுதான், அப்புறம் வீட்ல யாரும் டாக்டரைக் கூப்பிட்டு உறுதி பண்ண வேண்டியதில்லை" என்றேன். பேத்தி சிரித்தாள், மருமகள் அவள் தொடையில் கிள்ளினாள். கடையிலிருந்த எல்லா வாட்சும் ஒரே மணியைக் காட்டிக்கொண்டு, ஒரே மாதிரி பளபளத்துக்கொண்டு, ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தன. எனக்கு எதன் மேலும் கை போகவில்லை. "அப்ப என்னதாம்மா வேணும் உனக்கு?" என்று மகன் அலுத்துக்கொண்டான். என்னையும் அறியாமல், "அத்தையோட வாட்ச்" என்று வாயில் வந்துவிட்டது.

வந்தது தப்பில்லை. அதற்கு யார் சாவி கொடுத்தார்கள் என்று யோசித்துப் பார். அத்தைக்கு ஒரு பக்கம் விழுந்த பிறகு படுக்கையில் வைத்து ஊட்டியது நான், துடைத்தது நான், புரட்டிப் படுக்க வைத்தது நான். நீங்கள் தனிக்குடித்தனம் போய்விட்டீர்கள், ஞாயிற்றுக்கிழமை வருவீர்கள், அதுவும் சாப்பாடு ஆறிய பிறகு. சட்டைப் பொத்தான் அளவு முகப்பு, அதன் பக்கத்தில் மிளகளவு திருகு. தினமும் காலையில் பல் விளக்கிவிட்டதும் கையை நீட்டுவார், நான் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் திருகுவேன். "போதும், உடைச்சிடாதே" என்பார். அத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து எனக்கென்று வந்தது அந்த இரண்டு வார்த்தைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணி உலர்த்தப் போய்த் திரும்பி வருவதற்குள் வாட்ச் உன் கைக்கு மாறியிருந்தது. "அத்தை அவங்களே கொடுத்தாங்கக்கா" என்றாய். நான் பதில் பேசவில்லை. அன்றிலிருந்து பேசவில்லை.

பிறகு கொழுந்தனார் போனபோது வந்தேன். துக்கம் கேட்டேன். நீ என் தோளில் சாய்ந்து அழுதாய். அப்போது உன் கை என் கண்ணுக்கு நேரே இருந்தது, வாட்ச் நின்றுபோய் இருந்தது. உன் துக்கத்துக்கு நான் அழுதேன் என்று உன் வீட்டில் எல்லோரும் நினைத்திருப்பார்கள். பாதி அதற்குத்தான். சாவி கொடுக்கத் தெரியாதவளிடம் போய் மாட்டிக்கொண்டதே என்பதற்குத்தான் மீதிப் பாதி.

இதெல்லாம் தெரியாமல் மகன் எனக்கு ஒளித்து உனக்குப் போன் போட்டிருக்கிறான். நேற்று சாப்பிடும்போது, "சித்திகிட்ட பேசினேம்மா" என்றான். நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பாட்டி அதைச் சித்திக்குக் கொடுத்தப்ப ஒண்ணு சொன்னாங்களாம். 'பெரியவளுக்கு வாட்ச் எதுக்குடி? அவ எழுந்தாத்தான் இந்த வீட்டுக்கு விடியும். உனக்குத்தான் மணி தெரியலை, நீ கட்டிக்கோ'ன்னாங்களாம்" என்றான்.

கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. மருமகள் கொடுத்த வாட்ச் என் கையில் உறுமியது, மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னது. கோபம் என்று நினைத்துக்கொண்டது போலிருக்கிறது, அதற்கு என்ன தெரியும். எழுந்துபோய்க் கையைக் கழுவினேன். குழாயை ரொம்ப நேரம் மூடவில்லை. அந்த வார்த்தை அத்தையுடையதுதான், சந்தேகமே இல்லை. நீ இட்டுக்கட்டியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது, பத்தாவது படித்தவர்களுக்கு அப்படிப் பேச வராது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வாட்சை நீ வைத்துக்கொண்டாய், சரி, உனக்குக் கொடுத்தது. இந்தப் பேச்சு எனக்கு வர வேண்டியது. அதையும் சேர்த்து இத்தனை வருஷம் உன்னிடமே வைத்துக்கொண்டாயே, அது எந்த ஊர் நியாயம்? "அக்கா என் முகத்தையே பார்க்கலையே, எப்படிச் சொல்றது" என்று மகனிடம் அழுதாயாம். முகத்தைத்தான் திருப்பிக்கொண்டேன், காதை அடைத்துக்கொண்டேனா? கல்யாண வீடுகளில் உன் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன், என் முதுகுக்குச் சொல்லியிருந்தால்கூட அது கேட்டிருக்கும்.

ஆகையால் முடிவாகச் சொல்கிறேன். வாட்சைப் பஞ்சில் சுற்றித் தபாலில் அனுப்பு. கொடுக்க மனசு வரவில்லை என்றால், அத்தை சொன்னதை ஒரு எழுத்து விடாமல் உன் கையால் எழுதி அனுப்பு, அதை மடித்து ஐந்தாவது குழியில் வைத்துக்கொள்கிறேன். ஓடாத வாட்சைவிட அது எவ்வளவோ மேல். இரண்டில் எது வந்தாலும் என் சேகரிப்பு முடிந்தது, பெட்டியை மூடிவிடுவேன். நீ நேரில் வர வேண்டாம். வந்தால் பேச வேண்டியிருக்கும், இத்தனை வருஷம் கஷ்டப்பட்டுக் கட்டிக் காத்தது வீணாகிவிடும்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். மூத்தவன் சின்ன வயதில் என் நிலைக்கண்ணாடியை உடைத்ததை நான் மறந்துவிட்டதாகச் சொல். மறக்கவில்லை, சும்மா சொல்லிவை. உன் முட்டி வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, எண்ணெய் தேய்த்தே வலியைப் போக்கிவிடலாம் என்று நினைக்காதே. நீயும் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் மேல் கோபமாக இருக்கும்
அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகிற நேரத்தில் மருமகள் பெட்டியைத் துடைக்கிறேன் என்று தலைகீழாகக் கவிழ்த்தாள். ஐந்து குழிகளும் ஒரே தட்டாகக் கழன்று விழுந்தன. அதற்குக் கீழே இன்னொரு தட்டு, அதில் இன்னும் ஐந்து குழி. வாங்கி வந்தவனுக்கே தெரியாதாம். ஆக மேலே எழுதியதில் சேகரிப்பு முடிந்தது என்று இருப்பதை அடித்துவிட்டுப் படி. வாட்சைத் தபாலில் போடாதே, எழுதியும் அனுப்பாதே. கையில் கட்டிக்கொண்டு நீயே கிளம்பி வா, அத்தை சொன்னதை வாயாலேயே சொல், சாவி எப்படிக் கொடுப்பது என்று காட்டித் தருகிறேன், உன் கையிலேயே இருக்கட்டும். நமக்கு வேறு வேலை இருக்கிறது. மாமனாருடைய சங்கிலி போட்ட பாக்கெட் வாட்சை "பார்த்துட்டுத் தரேன் அண்ணி" என்று வாங்கிக்கொண்டுபோன நம் நாத்தனார் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. நான் தனியாகப் போனால் காபியைக் கொடுத்து அனுப்பிவிடுவாள். இரண்டு பேராகப் போவோம். பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன். நீ பக்கத்தில் நின்று அழு, உனக்கு அது நன்றாக வரும்.